ஜோடி அட்டையில் மூன்று முத்திரை

என் தம்பி பெண்டாட்டியைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை அங்கே துவைத்து, சூடான உருளைக்குள் விட்டு எடுத்து, மடித்து அடுக்குகிறார்கள். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு எதிரெதிராக நின்று, ஒரு உதறு உதறி, நடந்து வந்து நுனியோடு நுனி சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அவள் மடித்ததில் ஓரம் ஒரு நூல் விலகியிருக்காது. வீட்டிலும் அதே புத்திதான். பஸ் டிக்கெட்டை மடிப்பாள், மருந்துச் சீட்டை மடிப்பாள், சாப்பிட்டு முடித்த பொட்டலக் காகிதத்தைக்கூட நாலாக மடித்துத்தான் குப்பையில் போடுவாள்.

“குப்பைக்கு எதுக்குடி இஸ்திரி?” என்று கேட்பேன்.

“குப்பையா இருந்தாலும் ஒழுங்கா இருக்கட்டுமேக்கா” என்பாள்.

முறைப்படி நான் அவளுக்கு அண்ணி. புருஷனுடைய அக்காவை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஆனால் வந்த முதல் வாரமே, என் தம்பி என்னை அக்கா அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, “எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்ல. நானும் அக்கான்னே கூப்பிட்டுக்கறேனே” என்று வந்து நின்றாள். “கூப்பிட்டுத் தொலை” என்றேன். என் வாய் அப்படி. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள் கதையைச் சொல்ல வந்தவள் தன் பங்கை மறைத்துச் சொன்னால் அது கதையே இல்லை. எங்கள் அம்மா போனபோது தம்பிக்கு ஏழு வயது, எனக்குப் பதினேழு. சோறூட்டினேன், குளிப்பாட்டினேன், முதுகில் நாலு வைத்தேன், ஆளாக்கினேன். அவனை யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவன் செய்த தப்பையெல்லாம் நான் முன்னால் போய் நின்று வாங்கிக்கட்டிக்கொள்வேன். கண்ணாடி உடைத்தானா, நான் உடைத்தேன் என்பேன். அப்படி வளர்த்த கை இது. இப்போது நினைத்தால் இந்தக் கையையே வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

என் வேலை, கர்ப்பிணிகளைப் பார்க்கும் சுகாதார நிலையத்தில் சீட்டு மேசை. செவ்வாய்க்கிழமைதான் கூட்டம். வாசலுக்கு நேரே என் மேசை, மேசைமேல் மையட்டை, மையட்டைமேல் மூன்று முத்திரை. அதில் நீல மைக்கு உள்ளது ‘ஊசி போடப்பட்டது’. ஊசி அறையிலிருந்து திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு இடுப்பைத் தேய்த்தபடி வருகிறவள் அட்டையை நீட்டுவாள், நான் தேதிக்குப் பக்கத்தில் ஒரு குத்து. அங்கே எனக்கு முத்திரையம்மா என்று பெயர். உள்ளே இருக்கும் பெரிய சிஸ்டர் யார் சொல்வதையும் நம்பமாட்டார், முத்திரையைத்தான் நம்புவார். “வாய் ஆயிரம் சொல்லும், முத்திரையைக் காட்டு” என்பார்.

சில நோய்களுக்குப் பெண்டாட்டிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை, புருஷனும் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்காக இருவர் அட்டையையும் ஒன்றாகக் கம்பி போட்டுத் தைத்துக் கொடுப்போம். ஜோடி அட்டை. பெண்களுக்குக் காலையில் ஊசி. ஆண்களுக்குச் சாயங்காலம், பின்பக்கத்து அறையில், வேறு ஆள் போடுவார். பெரிய சிஸ்டர் இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார், பின்பக்கத்து ஆள் மூன்று மணிக்கு மேல்தான் வருவார். ஒருவர் முகத்தை ஒருவர் மாதக் கணக்கில் பார்ப்பதில்லை. இருவருக்கும் நடுவில் இருந்தது நானும் என் முத்திரையும்தான்.

என் தம்பி கோபுரம் ஏறுகிறவன். கோயில் கோபுரம் இல்லை, செல்போன் கோபுரம். இடுப்பில் கொக்கியை மாட்டிக்கொண்டு இருநூறு அடி ஏறி, பெயின்ட் அடிப்பான், கம்பியைச் சரிபார்ப்பான். ஒரு மாதம் வெளியூர், பத்து நாள் வீடு. போன இடத்தில் மலிவான லாட்ஜில் நாலு பேர் ஒரு அறை. அங்கே என்ன நடந்தது என்று நானும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. திரும்பி வரும்போது அவளுக்கு ஏதாவது ஒரு சின்னப் பொருள் வாங்கி வருவான், அவள் அந்தக் காகிதப் பையையும் மடித்து வைத்துக்கொள்வாள்.

முதல் தடவை அவள் உண்டானபோது நாங்கள் செய்த முட்டாள்தனத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஊரில் இருக்கிற பெண்களையெல்லாம் மூன்றாம் மாதமே வந்து இரத்தம் கொடு, இல்லாவிட்டால் அட்டை கிடையாது என்று விரட்டுகிறவள் நான். சொந்தத் தம்பி பெண்டாட்டியை ஆறாம் மாதம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை. “நம்ம இடம்தானே, எப்ப வேணா பாத்துக்கலாம். எதுக்கு வரிசையில நிக்கணும்?” அந்த மிதப்பு. ஆறாம் மாதம் முடியப் போகிற நேரத்தில் ஒரு மத்தியானம், உருளை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவள் எதிர் நுனி பிடிக்கிறவளிடம், “காலையிலேர்ந்து அசையவே இல்ல” என்று சொல்லியிருக்கிறாள். வயிற்றுக்குள்ளேயே போய்விட்டிருந்தது. ஆண் குழந்தை.

அப்போது நான் பேசிய பேச்சு! உருளைச் சூட்டில் நின்று நின்று பிள்ளையை வேகவைத்துவிட்டாய் என்றேன். வயிறா அது, என்னவென்று சொல்வது என்றேன். நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்குமா என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். அதற்கு ஒரு வருஷம் முன்னால் அவனுக்கு ஒரு புண் வந்து, வலிக்காமலே, தானே ஆறியிருக்கிறது. ஆறிப்போனதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

இரண்டாவது தடவை நான் விடவில்லை. தள்ளிப்போன பத்தாவது நாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இரத்தம் எடுத்தார்கள். அடுத்த செவ்வாய் பெரிய சிஸ்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“சிபிலிஸ்னு கேள்விப்பட்டிருக்கியாம்மா? மேகநோய்னு சொல்வாங்க. உன் இரத்தத்துல இருக்கு. உனக்கு ஒண்ணும் தெரியாது, வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஆனா அது தொப்புள்கொடி வழியா குழந்தைக்குப் போகும். போன தடவை போனதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்.”

அவள் சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த இரத்தச் சீட்டைப் பாதியாக மடித்தாள், அதைப் பாதியாக மடித்தாள்.

“அப்ப உருளைச் சூடு இல்லையா?” என்று கேட்டாள்.

“உருளையா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“இந்தக் குழந்தை பொழைக்குமா சிஸ்டர்?”

“நல்லா பொழைக்கும். நீ சீக்கிரமா வந்துட்ட. வாரம் ஒண்ணுன்னு மூணு ஊசி, அவ்ளோதான். ஆனா உன் புருஷனும் மூணு போட்டுக்கணும். ரெண்டு பேருக்கும் முடியற வரைக்கும் தள்ளிப் படுங்க. அவர் போட்டுக்கலைன்னா உனக்குத் திரும்ப வரும். உனக்கு வந்தா குழந்தைக்கு வரும். புரியுதா?”

புரிந்தது. அவளுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. புரியவில்லை என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பி வந்ததும் வீட்டில் பெரிய சண்டை நடக்கப் போகிறது என்று நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும்; நடுச்சுவர் பலகை. மூச்சு விட்டால் கேட்கும். அவள் எங்கே போனாய், யாரோடு போனாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. “மூணு ஊசி போட்டுக்குங்க. வேற எதுவும் நான் உங்ககிட்ட கேக்கல. கேக்கவும் மாட்டேன்” என்றாள். அவன் சரி சரி என்றான். அழுதான் என்றுகூட நினைக்கிறேன்.

அவள் மூன்றும் போட்டுக்கொண்டாள். கெட்டி மருந்து அது, இடுப்பில் ஏறும்போது கல்லை வைத்து அழுத்துவது போல் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் என் மேசை முன்னால் வந்து ஐயோ என்று கத்தியிருக்கிறார்கள். அவள் நொண்டிக்கொண்டே வந்து அட்டையை நீட்டி, “குத்துங்கக்கா, நல்லா அழுத்திக் குத்துங்க. எனக்குக் குத்தினதைவிடப் பலமா இருக்கணும்” என்பாள். மறுநாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

தம்பி அந்தத் தடவை ஊசிக்கென்று மூன்று வாரம் லீவு சொல்லியிருந்தான். முதல் நாள் சாயங்காலம் வந்தான். நான் மேசையில் இருந்தேன். வாசல் வரை வந்தவன் அப்படியே நின்றான். பின்பக்கத்துப் பெஞ்சில் அவனுடைய கம்பெனியில் கொக்கி சரிபார்க்கிற ஆள் உட்கார்ந்திருந்தான். அந்த ஆளும் எதற்காக வந்து உட்கார்ந்திருப்பான்? இதே வியாதிக்காகத்தான் இருக்கும். அதை யோசிக்கிற நிலையில் இவன் இல்லை. இருநூறு அடி உயரத்தில் ஒற்றைக் கொக்கியில் தொங்குகிறவன் ஒரு மரப்பெஞ்சைப் பார்த்துப் பயந்து திரும்பி ஓடினான்.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பிடித்தேன். “என்னடா?”

“அக்கா, அவன் பார்த்தா நாளைக்குக் கம்பெனி பூரா நாறிடும். மேல ஏறும்போது கீழேர்ந்து சிரிப்பானுங்கக்கா.”

“அடுத்த வாரம் வா.”

“அடுத்த வாரம் வேற எவனாவது இருப்பான். நான் போற ஊர்ல வெளிய போட்டுக்கறேன். சத்தியமா. நீ அட்டையில குத்திடு. உன் கையிலதானே இருக்கு.”

“போடா, அதெல்லாம் முடியாது” என்றேன்.

“அக்கா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஏழு வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டு சொன்ன அதே அக்கா.

அவன் கொண்டுவந்த அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மையட்டையில் அழுத்தினேன், அவன் அட்டையில் குத்தினேன். அடுத்த செவ்வாய் இரண்டாவது. அதற்கடுத்த செவ்வாய் மூன்றாவது. முதல் முத்திரையைக் குத்துமுன் இரண்டு தடவை வாசலைப் பார்த்தேன். மூன்றாவதுக்குப் பார்க்கவில்லை. மனிதப் பிறவி எதற்கும் பழகிவிடும், சீ!

வெளியூரிலிருந்து பேசும்போது கேட்டேன். போட்டாச்சு என்றான். எத்தனை என்றேன். எல்லாம் ஆச்சு என்றான். ஊரில் வேறு எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் எங்கே, எந்த ஆஸ்பத்திரி, சீட்டு எங்கே என்று குடைந்து எடுத்திருப்பேன். அவனிடம் கேட்கவில்லை. நம்ப ஆசைப்பட்டேன், நம்பிவிட்டேன்.

அவன் திரும்பி வந்த அன்றைக்கு அவள் அந்த ஜோடி அட்டையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். சுத்தமாக இரண்டாக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தாள்.

“அக்கா, அவர் மூணும் போட்டுக்கிட்டாரா? நீங்க பாத்தீங்களா?”

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னேன். “முத்திரை குத்தினதே நான்தானேடி.”

“அது போதும்க்கா” என்றாள். “நீங்க சொன்னா போதும்.” அன்றைக்குச் சாயங்காலமே அவர்கள் அறையில் தனித்தனியாகக் கிடந்த பாய்களை அவள் சேர்த்துப் போட்டாள். அந்தக் கதவைத் திறந்து விட்டது நான்.

அதற்குப் பிறகு வந்த நாலு மாதங்கள்தான் அவள் வாழ்க்கையில் நன்றாக இருந்தவை என்று நினைக்கிறேன். சலவைக்கூடத்தில் கிழிந்துபோனதென்று ஒதுக்கும் மெத்தென்ற விரிப்புகளைக் கேட்டு வாங்கி வந்தாள். மூன்று தடவை கொதிக்கவைத்துத் துவைத்தாள். சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் தைத்து, பன்னிரண்டு துணி செய்தாள். எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுக்கு மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினாள். டப்பாவைத் திறப்பாள், எண்ணுவாள், மூடுவாள். எதிர் நுனி பிடிக்கிறவள், “வயிறு முட்டுது, இனிமே நுனியோட நுனி எப்படி சேக்கறது?” என்று கேலி செய்தாளாம். அதை என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிள்ளை உதைக்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்து வயிற்றில் வைப்பாள். “அக்கா, இது சண்டைக்காரி. உங்களை மாதிரி.” நானும் வைத்துக்கொண்டு நின்றேன். என் கை அது.

எட்டாம் மாதம் பிறந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வெளியூரிலிருந்து வந்திருந்த தம்பிக்குத் தட்டு வைத்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கையை நீட்டினான். உள்ளங்கையில் செம்பழுப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. அரிக்கிறதா என்றேன். இல்லை, பெயின்ட்டில் கலக்கிற தின்னர் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். காலைக் காட்டடா என்றேன். பாதத்திலும் இருந்தது. எங்கள் நிலையத்துச் சுவரில், என் மேசைக்கு எதிரே, பதினோரு வருஷமாக ஒரு படம் தொங்குகிறது. இரண்டு உள்ளங்கை, அதில் இதே பொட்டு. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிறவள் நான்.

தட்டைத் தள்ளி வைத்தேன்.

“ஊசி போட்டியா இல்லையாடா?”

“மாத்திரை சாப்பிட்டேன்” என்றான். “கடையில கேட்டு வாங்கினேன். அதுவே போதும்னான்.” எத்தனை நாள் சாப்பிட்டாய் என்றேன். ஐந்து நாள் என்றான். பழசே உள்ளுக்குள் இருந்ததோ, போன இடத்தில் புதிதாக ஒட்டிக்கொண்டதோ, யார் கண்டது? கன்னத்தில் ஒன்று விட்டேன். முப்பது வயது ஆளை அடித்தேன். அடித்து என்ன பிரயோஜனம்?

அந்த நிமிஷமே நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். இந்தக் கதை திரும்பியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஓடவில்லை. செவ்வாய் வரட்டும் என்றேன். இவனை முதலில் ஊசிக்கு இழுத்துப்போகலாம், பிறகு அவளுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கள்கிழமை விடிவதற்குள் வேலை வந்துவிட்டது என்று அவன் கிளம்பிப் போய்விட்டான். முதல் செவ்வாய் அப்படிப் போயிற்று.

இரண்டாவது செவ்வாய் பெரிய சிஸ்டரிடம், “நம்ம வீட்டுப் பொண்ணுக்கு இன்னொரு தரம் இரத்தம் பாக்கலாமா சிஸ்டர்?” என்றேன். அவர் ஜோடி அட்டையை வாங்கிப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் மூணு மூணு முத்திரை இருக்கே. எதுக்கு வீணா அவளைக் குத்தணும்? பிரசவத்தப்ப பாத்துக்கலாம். உனக்கு எல்லாத்துக்கும் பயம்” என்று சிரித்தார். சொல்லடி, சொல்லடி என்று உள்ளே அடித்துக்கொண்டது. பொய் முத்திரை என்றால் அன்றைக்கே வேலை போகும். கம்பெனிக்குத் தெரிந்துவிடும், தம்பி தலை குனிவான். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாவது செவ்வாய் மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வந்திருந்தார்கள். அதையும் ஒரு சாக்காக எடுத்துக்கொண்டேன். அன்று அவள் வரிசையில் நின்றபடி என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

நாலாவது செவ்வாய் சொன்னேன். மேசையில் அட்டையை வைத்துவிட்டு நேரே உள்ளே போய், எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். பெரிய சிஸ்டர் திட்டவில்லை. அவர் எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி விழுந்தது. “எத்தனை நாளா தெரியும்?” என்றார். “இருபத்தஞ்சு நாள்” என்றேன். மனதில் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டுதானே இருந்தேன்.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். இரத்தம் எடுத்துக்கொண்டே, மறுபடி ஒரு ஊசி போட வேண்டும் என்றார் சிஸ்டர்.

“ஏன் சிஸ்டர்? மூணும் போட்டாச்சே.”

“உன் புருஷன் போட்டுக்கலம்மா.”

அவள் உறையிலிருந்து ஜோடி அட்டையை எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள். அவன் பக்கத்தில் நீலமாக மூன்று முத்திரை, ஒன்றின் கீழ் ஒன்றாக, கோணாமல். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கத்தியிருக்கலாம், என் தலைமயிரைப் பிடித்து ஆட்டியிருக்கலாம், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அட்டையை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, கட்டிலில் ஏறி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஊசிக்காக ஒருக்களித்துப் படுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டில் இருந்தாள், சமைத்ததைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அக்கா என்ற சொல் மட்டும் வரவில்லை. தம்பிக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். வந்தான். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். “ஒரு ஊசி. மூணே மூணு தரம். அவ்ளோதானே கேட்டேன்?” என்று அவள் சொன்னது கேட்டது. அவன் என்ன சொன்னான் என்று என் காதில் விழவில்லை.

ஊசி போட்ட எட்டாம் நாள் பிரசவம். ஐந்து வாரம் முன்னதாக. பெண் குழந்தை. அழுதது, ஆனால் கம்மிப்போன குரலில். மூக்கு அடைத்துக்கொண்டு மூச்சுக்குத் திணறியது. வயிறு மட்டும் உப்பி, கைகால் குச்சியாக இருந்தது. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் உரிந்திருந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சின்ன டாக்டரம்மா ஒருவர் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: “நாங்க முடிஞ்சதைச் செய்யறோம். பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே அம்மாவுக்கு மருந்து போயிருந்தா நம்பிக்கையா சொல்லலாம். எட்டு நாள் பத்தலம்மா.”

இருபத்தைந்தும் எட்டும் முப்பத்து மூன்று. நான் அந்த வராண்டாவில் நின்று விரல் விட்டு எண்ணினேன். வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் முப்பத்து மூன்று நாள் இருந்திருக்கும். அந்தச் செவ்வாய்க்குத் தள்ளிச் சொல்லியிருந்தால்கூட இருபத்தொன்பது. ஒரு நாள்தான் குறைந்திருக்கும். யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது?

அவளுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட அனுமதி கொடுத்தார்கள். ஒரு ஓட்டை வழியாக ஒரு விரலை விட்டுப் பிள்ளையின் காலைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உரிந்த தோல் படாமல் மேல் பக்கமாகத் தொட்டாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தம்பி ஒரு நாள் முழுக்க வராண்டாச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் போய் எல்லோரும் பார்க்கிற பெஞ்சில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு வந்தான். இப்போது போட்டு யாருக்கு என்ன?

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குப் பிள்ளை போய்விட்டது. பிஸ்கட் டப்பாவில் இருந்த பன்னிரண்டு துணியில் ஒன்றில் சுற்றித்தான் எடுத்துக்கொண்டு போனோம். மீதிப் பதினொன்றையும் அவள் டப்பாவோடு சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் கந்தல் மூட்டையில் போட்டுவிட்டாளாம். எதிர் நுனி பிடிக்கிறவள் என்னிடம் சொன்னாள். மடித்துப் போட்டாளா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, எதிர் நுனி பிடிக்கிற அந்தத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனாள், அவ்வளவுதான். தம்பி இரண்டு தடவை போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

என் வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பெரிய சிஸ்டர் மேலே எழுதினார். முத்திரையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பத்து நாள் அவரே ஊசியும் போட்டு, வெளியே வந்து முத்திரையும் குத்தினார். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. மேலேயிருந்து பதில் வரவில்லை. விசாரணை முடிகிற வரைக்கும் என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்காமல் முத்திரையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேறு ஆள் இல்லை. மறுபடி அதே கையில் அதே முத்திரை.

ஒரு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். பிள்ளை பிறந்தாலும் போனாலும் ஜோடி அட்டையைத் திருப்பிக் கொடுத்து, ‘முடிந்தது’ என்று கறுப்பு மை முத்திரை வாங்க வேண்டும். அப்போதுதான் மேற்கொண்டு மருந்தோ சீட்டோ எதுவும் கொடுப்பார்கள். எங்கள் விதி அது. எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அவள் குறுக்கே புகவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு நடுவே, தட்டை வயிற்றோடு, தன் முறை வரும் வரை நின்றாள். நான் ஒவ்வொரு அட்டையாகக் குத்திக்கொண்டே அவள் நெருங்கி வருவதைப் பார்த்தேன். மை தொட்டேன், குத்தினேன். மை தொட்டேன், குத்தினேன்.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். உறையிலிருந்து அட்டையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, என் பக்கமாகத் திருப்பி, மேசையில் வைத்து ஓரத்தை நேராக்கினாள். அவள் பக்கம் மூன்று நீல முத்திரையும், கடைசியாகப் போட்ட ஊசிக்கு ஒன்றும். அவன் பக்கம் மூன்று. என்னிடம் ஏதாவது சொல்வாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன். என்ன சொன்னாலும் சரி, திட்டினாலும் சரி, அக்கா என்று ஆரம்பித்துத் திட்டட்டும் என்று மனது கிடந்து தவித்தது.

“இதையும் நீங்களே குத்திடுங்க அண்ணி” என்றாள்.

குத்தினேன். அவள் ஈரம் காயும்வரை நின்று, அட்டையை மடிக்காமல் அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் போனாள்.